மணிக்கட்டு அளவு

ஷீயென்
1987 ஜனவரி 11

அன்புள்ள தல்லாக்,

நான் நலம். படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் “இருக்கிறேன்” என்பாய், அதனால் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய அட்டை வந்து சேர்ந்ததா? உன்னிடமிருந்து இந்தத் தடவை ஒன்றும் இல்லை. போன வருஷம் வந்ததிலும் உன் பெயரைத் தவிர எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

நூலக வேலை நன்றாகவே போகிறது. இங்கே மழை. ஜனவரியில் மழை பெய்கிற ஊரில் வந்து குடியிருக்கிறேன்.

போன வாரம் ஹல்வர் பல் பிடுங்கிக்கொள்ள இங்கே வந்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தும் பேச்சு குறையவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னான். “தல்லாக் பட்டறையத் தொறந்துதான் வச்சிருக்கான். ஆனா சறுக்கறதுக்கு ஸ்கீ எத்தன நீளம் எடுக்கறதுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறான். செவுத்துல இருக்கு, பாத்து எடுத்துக்கோங்கறான்” என்றான். பள்ளிக்கூடத்து டீச்சர் சுன்னிவா மூன்று தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு போனாளாமே. அந்தப் பெண் மேலே சமவெளிக்குப் போகிறவள். நீ தலையை மட்டும் ஆட்டினாயாம்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஈஸ்டருக்கு நான் ரௌலானுக்கு வருகிறேன். கறுப்பு ஏரிக்கு மேலே உள்ள பிர்ச் மரச் சரிவுக்குப் போகப்போகிறேன். நம் ஓஸ்னே செத்த இடத்தை அவளைப் பெற்ற நான் இன்னும் பார்க்கவில்லை. மார்ச் வந்தால் மூன்று வருஷம். துக்கம் தாங்காமல் போகிறேன் என்று நினைத்துவிடாதே. துக்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை, அதனால்தான் போகிறேன். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உலகத்தைக் கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

அதற்கு ஒரு ஜோடி ஸ்கீ வேண்டும். எனக்கு எத்தனை நீளம் சரியாக வரும்? உயரம் உனக்குத் தெரியும். நூற்று அறுபத்தாறு. குறைந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும்.

பதிலை எதிர்பார்க்கும்,
குன்வோர்


ரௌலான்
1987 ஜனவரி 19

குன்வோர்,

அட்டை வந்தது. நன்றி.

நீளம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஹல்வர் சொன்னது சரி. பூட்ஸை ஸ்கீயோடு கவ்வவைக்கும் பிடி வைத்துத் தருகிறேன், மெழுகு விற்கிறேன், உடைந்ததை ஒட்டுகிறேன். அது போதும். ஷீயெனில் பெரிய கடை இருக்கிறது. அங்கே சுவரில் அட்டவணை மாட்டியிருப்பார்கள். கேட்டு வாங்கிக்கொள்.

சரிவுக்குப் போக வேண்டுமென்றால் ஹல்வரைக் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாதே.

உன் பழைய ஸ்கீ என்ன ஆயிற்று? நூற்றெண்பது. நீ ஐம்பத்தைந்து கிலோ இருந்தபோது நான் எடுத்துக் கொடுத்தது. வலது காலின் பிடியில் திருகு ஆடிக்கொண்டிருந்தது. கொண்டு வா என்று இரண்டு குளிர்காலம் சொன்னேன்.

பனி ஜன்னல் விளிம்புவரை நிற்கிறது.

தல்லாக்


ஷீயென்
1987 ஜனவரி 28

அன்புள்ள தல்லாக்,

உன் நீண்ட, விரிவான கடிதம் கிடைத்தது.

நீ சொன்னபடி பெரிய கடைக்குப் போனேன். அங்கே நின்ற பையனுக்கு மீசை முளைத்து ஒரு வாரம் இருக்கும். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான், அட்டவணையைப் பார்த்தான், “நூத்தித் தொண்ணூத்தஞ்சு மேடம்” என்றான். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை. எவ்வளவு கனம், முதுகில் எத்தனை சுமப்பேன் என்று கேட்கவில்லை. கீழே காகிதம் போட்டு நிற்கச் சொல்லவில்லை. இதையெல்லாம் கேட்க வேண்டாமா தம்பி என்றேன். “அட்டவணைல அதுக்கெல்லாம் எடமில்லயே” என்றான். இருபத்தாறு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவளிடம் இப்படிச் சொன்னால் நான் வாங்குவேனா? ஒரு டப்பா மெழுகு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பழைய ஸ்கீ இப்போது உபயோகத்துக்கு ஆகாது.

நீ ஏன் நீளம் சொல்வதை விட்டாய் என்பதை ஹல்வர் பாதி சொன்னான். “ஒரு தடவ தப்பாச் சொல்லிட்டேன்” என்று சுன்னிவாவிடம் சொன்னாயாம். நாலு பேர் சுமந்து திரிகிற வார்த்தையாக அது ஆகிவிட்டது. ஹல்வர் பல் வைத்தியரிடம்கூடச் சொல்லியிருப்பான். என்ன தப்பு, எப்போது நடந்தது என்று எனக்கு நீயே எழுது. எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. நீ எழுத வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. பழுப்புச் சீஸும் ரொட்டியும் மட்டுமே சாப்பாடு ஆகாது.

அன்புடன்,
குன்வோர்


ரௌலான்
1987 பிப்ரவரி 9

குன்வோர்,

நாலு காகிதம் கிழித்தேன். இது ஐந்தாவது.

அது எண்பத்து நாலு பிப்ரவரி. உனக்கும் எனக்கும் பேச்சில்லாத வாரம் ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பித்திருந்தது. ஓஸ்னே பனி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஈஸ்டருக்குத் தோழிகளோடு ஹர்டாங்கர் சமவெளியைக் குறுக்காகக் கடக்கப் போகிறாள் என்பது உனக்கு நினைவிருக்கும். அதற்கு ஸ்கீ கேட்டுப் பட்டறைக்கு வந்தாள். நூற்றெண்பத்தைந்து வேண்டும் என்றாள். சமவெளிக்கும் ஆகும், அதையே போட்டுக்கொண்டு மரங்களுக்கு நடுவே மண்டிபோட்டு வளைந்து திரும்புவதற்கும் ஆகும் என்றாள்.

நான் சிரித்தேன். கையைத் தூக்கச் சொன்னேன். இங்கே எல்லோரும் அளப்பது மாதிரிதான். காலடியில் பின்முனை, தூக்கிய கையின் மணிக்கட்டில் முன்முனை. இருநூற்றைந்து வந்தது. “அப்பா, நான் ஓடம் ஓட்டப் போகல” என்றாள். பையை மாட்டிக்கொண்டு நில் என்றேன். பதினாறு கிலோ பை. ஸ்கீக்குக் கீழே அந்த வாரத்துச் செய்தித்தாளை விரித்திருந்தேன். இரண்டு காலிலும் நின்றபோது தாள் உருவிக்கொண்டு வந்தது. ஒற்றைக் காலில் நின்றபோது அசையவில்லை. சறுக்கும்போது பனியைத் தொடாமல், உந்தும்போது மட்டும் அழுந்தும்படி ஸ்கீயின் நடு வளைவு, அந்த வில், சரியாக இருந்தது. மெழுகு ஏற்றத்தில் பிடிக்கும், சமதரையில் இழுக்காது. சமவெளிக்கு அதைவிடச் சரியான ஸ்கீ கிடையாது. காட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷம். அவள் என் சொல்லை ஏற்றுக்கொண்டாளே என்று.

அடுத்த வாரம் கூரையில் பனி தள்ளும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். மூன்று வாரம் நோட்டோடன் ஆஸ்பத்திரியில் படுக்கை. மார்ச் ஐந்தாம் தேதி மத்தியானம் பாதிரியார் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிர்ச் சரிவில் விழுந்துவிட்டாள், இறங்க முடியாமல் குளிரில் போய்விட்டாள் என்றார். நான் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இல்லை. அந்தச் சரிவில் மரத்துக்கும் மரத்துக்கும் இடையில் இரண்டு மீட்டர்தான் இருக்கும். இருநூற்றைந்து எப்படித் திரும்பும்?

இதுதான் அந்தத் தப்பு.

அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. போன மாதம் மெழுகு தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி கையில் பட்டது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. அது பரவாயில்லை. ஆனால் ஒரு ஆள் வந்து அளவு பார்க்கக் கையைத் தூக்கினால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அதனால் நீளம் சொல்வதில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன்.

தல்லாக்


ஷீயென்
1987 பிப்ரவரி 20

தல்லாக்,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் மேல் அந்த வார்த்தையைப் போட எனக்கு உரிமை இல்லை.

அந்த இருநூற்றைந்து இங்கே இருக்கிறது. என் வீட்டு நிலவறையில், சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். நீ முதல்முதலாகத் தேய்த்த மெழுகு அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. ஓஸ்னே அதை ஒரு நாள்கூடப் பனியில் வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் அடுக்களைக்கு வந்தாள். கையில் என் நூற்றெண்பது. “அம்மா, காட்டுக்குள்ள போறேன், உன்னோடத எடுத்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லாத, வருத்தப்படுவாரு” என்றாள். சரி என்றேன்.

வலது பிடியில் திருகு ஆடுகிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் கொண்டுவரவில்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். முப்பது அடி. அந்த மாதம் எனக்கு உன்னோடு பேச்சில்லை. எதற்காக என்றுகூட இப்போது நினைவில்லை, தல்லாக். நான் போய் உன்னிடம் கேட்பதா என்று, மாத ஆரம்பத்தில் நானே ஓட்டைக்குள் இரண்டு தீக்குச்சியை ஒடித்துப் போட்டு, பசை ஊற்றித் திருகை முடுக்கிவிட்டேன். தபால் பெட்டிவரை நாலைந்து தரம் போய்வந்தேன். நின்றது. எனக்குப் பெருமைகூட இருந்தது.

அவள் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, அதில் தீக்குச்சி இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. காப்பி பொங்கியது. அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினேன். அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

அவளைக் கண்டெடுத்தவர்கள் ரியூக்கன் ஊரிலிருந்து தேட வந்தவர்கள். ஹல்வரின் ஆட்கள் அன்று ஏரிக்கு மறுபக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள், அதனால் அவனுக்கும் தெரியாது. போலீஸ் அலுவலகத்து ஆள் ஸ்கீயைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். வலது பிடி மூன்று திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ஒரு திருகில் தீக்குச்சித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் விழுந்து காயம் படவில்லை. ஒற்றை ஸ்கீயோடு இடுப்பளவு பனியில் நானூறு மீட்டர் நடந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் புயல் வந்தது உனக்கே தெரியும். “வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொல்லிடுவீங்களா?” என்று அவர் கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பிக்கு உட்கார்ந்தபோது நீ ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பாதிரியாரிடம், “நான் நீளமாக் குடுத்துட்டேன்” என்றாய். நான் பக்கத்தில்தான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் கோப்பையிலும் ஊற்றினேன். அடுத்தவர் கோப்பையிலும் ஊற்றினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அன்று சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். நீ குற்றத்தை எடுத்துக்கொண்டுவிட்டாய், எனக்கு அது வசதியாக இருந்தது. இதை வேறு நல்ல வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் கிளம்பினேன். உன்னை வெறுத்து வரவில்லை. ஊர் அப்படித்தான் நினைக்கிறது. நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாய்.

நீளம் கேட்டு எழுதியதே இதைச் சொல்லத்தான். முதல் கடிதத்தில் தைரியம் வரவில்லை.

நேற்று நிலவறையிலிருந்து இருநூற்றைந்தைக் கொண்டுவந்து அடுக்களையில் போட்டேன். முனை குளிர்சாதனப் பெட்டியில் முட்டியது. கீழே செய்தித்தாள் வைத்து, ஒரு பைக்குள் எட்டுக் கிலோ புத்தகம் அடுக்கி மாட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு காலில் நின்றாலும் தாள் வந்தது. ஒற்றைக் காலில் நின்றாலும் வந்தது. எனக்கு அது விறைப்பு அதிகம். ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். அது அவளுக்காக, அவள் பைக்காக எடுத்தது. நீ சொன்ன நீளம் சரி, தல்லாக். அதைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் மரத்துக்கு மரம் விழுந்து, உன்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பாள்.

இப்போது நான் அறுபத்திரண்டு கிலோ. பை எட்டு. பாதி வழி மேட்டுவெளி, மீதி பிர்ச் காடு. கேள்வி இன்னும் அதேதான்.

குன்வோர்


ஷீயென்
1987 மார்ச் 17

தல்லாக்,

நாலு வாரம் ஆகப்போகிறது. தபால்காரர் படியேறும்போது இப்போது நான் எழுந்திருப்பதில்லை. நீ எழுத மாட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது.

ஹல்வர் தொலைபேசியில் கூப்பிட்டான். நீ சுன்னிவாவின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி, “அது உனக்கு ஆகாது, கழட்டு. நீ இருக்கற கனத்துக்கு அது மெதக்காது” என்றாயாம். கையைத் தூக்கவைத்து, பையை மாட்டச் சொல்லி, வாசலிலேயே தாளை விரித்தாயாம். அவளுக்குச் சரியான ஜோடியை நீயே தோளில் சுமந்துகொண்டு போனாயாம். அவள் பயந்துபோய்க் காப்பி போட்டுக் கொடுத்தாளாம். ஹல்வருக்கு ஒன்றும் புரியவில்லை. “தல்லாக்குக்குப் பைத்தியம் தெளிஞ்சிருச்சா, புடிச்சிருச்சா?” என்று என்னிடம் கேட்கிறான். தெரியாது என்றேன்.

உனக்குச் சொல்லிவிட்டால் எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கினேன், ஈஸ்டருக்கு. சாப்பிட்டேன். ஆரஞ்சுப் பழமாகத்தான் இருந்தது.

நீ பதில் போடாவிட்டாலும் நான் வருவேன். அந்தப் பையன் சொன்ன நூற்றுத் தொண்ணூற்றைந்தை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். புனித வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானப் பேருந்து.

குன்வோர்


ரௌலான்
1987 ஏப்ரல் 6

குன்வோர்,

வாடகைக்கு எடுக்காதே.

உனக்கு நூற்றுத் தொண்ணூறு. மணிக்கட்டு அளவு போட்டால் இருநூறு வரும். அதை விட்டுவிடு. எழுபது கிலோவுக்கு, பாதி வழி காடு என்றால், நூற்றுத் தொண்ணூறு போதும். நடுவில் இளக்கமான வில்லாகத் தேடி எடுத்தேன். உன் எடைக்கு மணல் மூட்டை கட்டி மேலே வைத்துத் தாளைப் போட்டுப் பார்த்தேன். மூட்டை முழுவதும் ஒரே ஸ்கீயில் இருந்தபோது தாள் அசையவில்லை. மேலே ஏறும்போது நீல மெழுகு, மத்தியானத்துக்கு மேல் பனி இளகினால் ஊதா. இரண்டும் பையில் வைத்திருக்கிறேன். வளைந்து திரும்பும்போது பின்னங்காலில் கனத்தைக் கொடு. உனக்கு எப்போதும் முன்னங்கால்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பிடி வைத்துவிட்டேன். காலுக்கு மூன்று திருகு, புது ஓட்டை, நல்ல பசை. ஒவ்வொரு பிடியையும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். என் கனம் எண்பத்தெட்டு.

உன் கடிதத்தைப் படித்தேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. முதல் தரம் படித்ததும் வெளியே போய் விறகு பிளந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பிறகு சுன்னிவா நினைவுக்கு வந்தாள். அவளை அந்த ஸ்கீயோடு மேலே போகவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது, போனேன். மூன்று வருஷமாக இந்தப் பட்டறையிலிருந்து தப்பான நீளத்தோடு எத்தனை பேர் போனார்கள் என்று இப்போது ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பதினேழு வீடு முடிந்தது.

உன்மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. விரல் உறைந்தால் முதலில் மரத்துத்தான் கிடக்கும், சூடேறும்போதுதான் உயிர் போகும். உனக்கும் தெரிந்ததுதான். எனக்கு இன்னும் சூடேறவில்லை. ஏறும்போது நீ எதிரில் இருந்தால் என்ன சொல்லுவேன் என்று தெரியவில்லை. தீக்குச்சியைப் பற்றிச் சொல்லக்கூடாத ஏதாவது சொல்லிவிடுவேன். மூன்று வருஷத்தைப் பற்றியும் சொல்லிவிடுவேன். அதை நீ கேட்க வேண்டாம்.

அதனால் இப்படி. ஸ்கீ, கோல், மெழுகுப் பை மூன்றும் சாலைப் பக்கத்து வேலியில் சாய்ந்திருக்கும். பேருந்தை விட்டு இறங்கியதும் எடுத்துக்கொள். ஹல்வர் அங்கே நிற்பான், அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடம் அவனுக்குத் தெரியும், அழைத்துப்போவான். படுக்கையும் அவன் வீட்டில்தான். நான் உள்ளே இருப்பேன். நீ முற்றத்தைத் தாண்டி வர வேண்டாம்.

இருநூற்றைந்து உன்னிடமே இருக்கட்டும். யாருக்கும் கொடுக்காதே. வருஷத்துக்கு ஒரு தரம் மெழுகு தேய்.

வழியில் திருகு ஏதாவது ஆடினால், அப்போது மட்டும் வா. எந்த நேரமானாலும் கதவைத் தட்டு. நீயே எதையும் வைத்து அடைக்காதே.

தல்லாக்